வெனிஸில் ஒரு பிள்ளையார் சுழி

நீங்கள் பி.காம். படித்தவரா? அப்படியென்றால் டிரையல் பேலன்ஸ் டேலி ஆகாமல் பரீட்சை ஹாலில் வியர்த்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அந்த வியர்வைக்குக் காரணமான ஊருக்குப் போய்விட்டு வந்தேன். வெனிஸ்!

வேலை விஷயமாக மிலன் போயிருந்தேன். நடுவில் இரண்டு நாள் சும்மா கிடைத்தது. ரயில் ஏறிவிட்டேன். கடைசிச் சில நிமிடங்கள் ரயில் காயலின் மேல் போகிறது. இரண்டு பக்கமும் தண்ணீர். பாம்பன் பாலம் பார்த்த நமக்கு அது பெரிசில்லை என்று கெத்தாக உட்கார்ந்திருந்தேன். ஸ்டேஷனுக்கு வெளியே வந்ததும் கெத்து போய்விட்டது. ஆட்டோ ஸ்டாண்ட் இருக்கவேண்டிய இடத்தில் கால்வாய்! பஸ்ஸுக்குப் பதில் படகு. ஒரு டிக்கெட் 9 யூரோ 50 சென்ட். நம்ம காசுக்கு மாற்றிப் பார்க்காதீர்கள். நான் பார்த்துவிட்டு நடந்தேன்.

நடந்தது தப்பு. ஓட்டல் கதவு எண் நாலாயிரத்துச் சொச்சம். இந்த ஊரில் தெருவுக்குத் தெரு எண் கிடையாது. ஊரை ஆறாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒன்றில் ஆரம்பித்து ஆயிரக்கணக்கில் எண் கொடுத்துக்கொண்டே போயிருக்கிறார்கள். போதாததற்கு 400க்கும் மேற்பட்ட பாலங்கள். முக்கால்வாசிப் பாலங்களுக்குப் படிக்கட்டு. பெட்டியைத் தூக்கி, இறக்கி, தூக்கி... ஓட்டல் அகப்பட்டபோது தோள்பட்டை கழன்றிருந்தது.

சாயந்திரம் ரியால்ட்டோ போனேன். 1591ல் கட்டி முடித்த கல் பாலத்தில் எல்லோரும் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பாலத்தைத் தாண்டி கடைத்தெருப் பக்கம் இறங்கினேன். ஒரு காலத்தில் ஐரோப்பாவின் பெரிய மண்டி அது. மலபார் மிளகு அலெக்சாண்ட்ரியா வழியாக இங்கேதான் வந்து இறங்கியது. வட்டிக்கடைக்காரர்கள் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கையில் காசு மாறாமல், பேரேட்டில் ஒருவர் பெயரில் பற்று, இன்னொருவர் பெயரில் வரவு எழுதியே வியாபாரத்தை முடித்தார்கள்.

இந்த வெனிஸ் முறையைத்தான் லூக்கா பச்சோலி என்ற பாதிரியார் 1494ல் புத்தகத்தில் எழுதினார். அச்சானதும் இதே ஊரில்தான். பெயர் 'சும்மா'வில் ஆரம்பிக்கும். ஆனால் சும்மா எழுதிய புத்தகம் இல்லை! நாம் படித்த இரட்டைப் பதிவு முறை முதன்முதலில் விளக்கமாக அச்சேறியது அதில்தான். அவர் கண்டுபிடித்ததல்ல, வியாபாரிகள் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்ததை முறைப்படுத்தினார். கணக்குப் புத்தகத்தைக் கடவுள் பெயரைப் போட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று அதில் ஒரு யோசனையும் சொல்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கப்பா பிள்ளையார் சுழி போடாமல் பால் கணக்குகூட எழுதமாட்டார்.

அப்பா வத்தல் மண்டியில் கணக்குப்பிள்ளை. தன் பிள்ளை ஆடிட்டர் ஆகவேண்டும் என்று அவர் ஆசைப்பட்டதால்தான் நான் பி.காம். சேர்ந்தேன். அது நடக்கவில்லை, விடுங்கள்.

கடைத்தெருவுக்கு நடுவே சான் ஜாக்கொமோ என்றொரு சின்ன தேவாலயம். நெற்றியில் பெரிய கடிகாரம். பின்பக்கச் சுவரில் லத்தீனில் ஏதோ செதுக்கியிருந்தது. போன் கேமராவைக் காட்டினேன். கன்னாபின்னா என்றாலும் விஷயம் புரிந்தது. இந்தக் கோயிலைச் சுற்றி வியாபாரிகள் நியாயமாக நடக்கட்டும், எடை சாயக்கூடாது, ஒப்பந்தத்தில் வஞ்சகம் கூடாது.

அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

நான் காலேஜில் முதல் வருஷம் படித்தபோது நடந்தது. விவசாயிகள் கொண்டுவரும் வத்தலில் மூட்டைக்கு ஒரு கிலோ குறைத்து எழுதச் சொன்னார் முதலாளி. அப்பா மறுத்துவிட்டு, சாவிக்கொத்தை மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அடுத்த வருஷ ஃபீஸுக்கு அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. எனக்கு ஆத்திரம். "ஊரே எழுதுது. நீங்க எழுதினா என்னப்பா?" என்று கத்தினேன். அவர் சத்தம் போடவில்லை.

"தராசு அவரோடது தம்பி. கையெழுத்து என்னோடது."

அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது.

வெனிஸ்காரர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று சொல்லமாட்டேன். உத்தமர்கள் என்றால் சுவரில் எழுதிவைக்கும் அவசியமே வந்திருக்காதே! ஆனால் பணம் கொழித்த சந்தைக்கு நடுவில், எடை சாயக்கூடாது என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. எங்கப்பாவுக்கு லத்தீன் தெரியாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ராத்திரி ரூமில் உட்கார்ந்து அன்றைய செலவை டைரியில் எழுதினேன். இரண்டரை யூரோ உதைத்தது. சஸ்பென்ஸில் தள்ளிவிட்டுத் தூங்கியிருக்கலாம். "தூக்கம் வர்றதுக்காக கண்டுபிடிச்ச கணக்குடா அது" என்பார் அப்பா. எழுந்துபோய் சட்டைப்பையைத் துழாவி ஓட்டல் பில்லை எடுத்தேன். கடைசி வரியில் 'கொப்பெர்த்தோ' - இரண்டரை யூரோ. மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டதற்குத் தனிக் கட்டணமாம்! டேலி ஆகிவிட்டது.

பி.காம். பாடத்தில் 'பிழை திருத்தம்' என்று ஒரு அத்தியாயம் உண்டு, ஞாபகம் இருக்கிறதா? தப்பாக எழுதியதை அழிக்கக்கூடாது. இன்னொரு பதிவு போட்டுத்தான் சரிசெய்ய வேண்டும். அப்பா சாவிக்கொத்தை வைத்துவிட்டு வந்த நாளை, இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் நஷ்டக் கணக்கில்தான் வைத்திருந்தேன்.

டைரியில் புதுப் பக்கம் திருப்பினேன். மேலே ஒரு பிள்ளையார் சுழி போட்டேன். வரவு பக்கத்தில் அப்பா பெயரை எழுதினேன். தொகை எவ்வளவு என்று மட்டும் போடத் தெரியவில்லை.