கண்ணாடியைத் துடைத்துவிட்டு

தீர்ப்பு சொல்வதற்கு முன் அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். பாஸ்டனுக்கு மேற்கே ஃப்ராமிங்ஹாம் பக்கம் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர். அமெரிக்கக் கால்பந்தில் பேட்ரியாட்ஸ் அணிக்காக உயிரை விடுகிற மனுஷன். 2018 ஜனவரிக் கடைசியில், காபி மெஷின் முன்னால் துடைத்துக்கொண்டே சொன்னார்: “நிக் ஃபோல்ஸா? பாவம், நல்ல பையன். ஆனால் மாற்று ஆள்தானே!”

அந்தப் ‘பாவம்’ இன்னும் காதில் இருக்கிறது. திட்டியிருந்தால்கூட மரியாதையாக இருந்திருக்கும்.

பந்தை எறிந்து ஆட்டத்தையே நடத்துகிறவன் குவார்ட்டர்பேக். எதிரணிக் குவார்ட்டர்பேக்கை எடைபோடுவது அங்கே பெண் பார்க்கப் போவது மாதிரி. உயரம் என்ன, கைவீச்சு எப்படி, முன்பு இருந்த இடத்தில் ஏன் விட்டார்கள் என்று அலசித் தீர்ப்பார்கள். ஃபோல்ஸ் ஜாதகத்தில் குறைக்குப் பஞ்சமில்லை. ராம்ஸ் அணி கழற்றிவிட்டது. 2016இல் ஆட்டத்துக்கே முழுக்குப் போட்டுவிடலாமா என்று யோசித்தவர். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸின் முதல் குவார்ட்டர்பேக் கார்சன் வென்ட்ஸுக்கு டிசம்பரில் முழங்கால் போனதால்தான் இவருக்கு இடம். 2013இல் ஒரே ஆட்டத்தில் 7 டச்டவுன் எறிந்தவராயிற்றே என்று இழுத்தேன். “ஓக்லண்டுக்கு எதிராகத்தானே.” போன வாரம் மின்னசோட்டாவை 38-7 என்று துவைத்தாரே? “சொந்த ஊரில்.” கண்ணாடி மூக்கில் ஏறிவிட்டது. வழக்கு முடிந்தது.

காயம் என்றால் அவரிடம் இன்னொரு கதை உண்டு. 2001 செப்டம்பர் 23, பழைய ஃபாக்ஸ்பரோ ஸ்டேடியம். ஜெட்ஸ் அணியின் மோ லூயிஸ் இடித்த இடியில் பேட்ரியாட்ஸின் அப்போதைய குவார்ட்டர்பேக் ட்ரூ பிளெட்ஸோ சாய்ந்தார். பத்து வருஷத்துக்கு நூறு மில்லியன் டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்ட ஆள். பதிலுக்கு இறங்கிய பையன் முந்தைய வருஷ வீரர் தேர்வில் 199ஆவதாக எடுக்கப்பட்டவன்; பெயர் டாம் பிரேடி, பின்னால் அதே அணியின் நட்சத்திரம். நம்மவர் அவனைப் பார்த்ததும், “இந்த வருஷம் போச்சு” என்று சொல்லிவிட்டுப் போய்க் காரை எடுத்தாராம். எத்தனை தடவை சொன்னாலும் விழுந்து விழுந்து சிரிப்பார். அந்தக் கதைக்கும் காபி மெஷின் தீர்ப்புக்கும் ஏதோ உறவு உண்டென்று அவருக்குத் தோன்றியதே இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. பக்கத்து இருக்கை, தினமும் முகத்தில் விழிக்க வேண்டுமே.

பிப்ரவரி 4, பேட்ரியாட்ஸும் ஈகிள்ஸும் மோதும் சூப்பர் போல் இறுதிப் போட்டி. அவர் வீட்டு பேஸ்மென்ட்டில் கோழி விங்ஸ், பீர், இருபது பேர். ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவும் இரண்டு ஸ்வெட்டரோடு சோபா ஓரத்தில். இரண்டாவது கால்பகுதியில் ஒரு தந்திரம்: பிரேடி எறியவில்லை, சக ஆட்டக்காரர் அமெண்டோலா பிரேடிக்கு எறிந்தார். சுற்றிலும் யாருமில்லை. பந்து விரல்நுனியில் பட்டு நழுவியது. யாரோ தட்டைக் கீழே வைத்தார்கள்.

இடைவேளைக்கு 38 விநாடி. ஈகிள்ஸுக்கு நான்காவது முயற்சி, கோட்டுக்கு ஒரே கஜம். ஃபோல்ஸ் சக ஆட்டக்காரர்களிடம் ஏதோ சொல்லப்போகிறவர் போல வலப்பக்கம் நகர்ந்தார். பந்து அவரை விட்டுவிட்டு க்ளெமெண்ட்டிடம் போனது, அங்கிருந்து பர்ட்டனிடம், பர்ட்டன் எறிந்தார். கோட்டுக்கு அப்பால் தனியாக நின்ற ஃபோல்ஸ், கூடையில் காய் வாங்குவது போல வாங்கிக்கொண்டார்.

“இவன்தானேடா எறியறவன்? இவன் எதுக்கு அங்க போனான்?” என்றார் அப்பா.

“ஏமாத்தத்தாம்ப்பா.”

பேஸ்மென்ட்டில் வேறு சத்தமே இல்லை.

41-33. பிரேடி 505 கஜம் எறிந்தும் தோற்றார். திங்கட்கிழமை காபி மெஷின் முன்னால் ஃபோல்ஸ் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. 2015 கோப்பையைக் கடைசி நிமிஷத்தில் காப்பாற்றிய மால்கம் பட்லரைப் பயிற்சியாளர் பெலிச்சிக் ஏன் உட்கார வைத்தார் என்பதே பேச்சு. நம்மவர் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். “பட்லர் இறங்கியிருந்தால்...” அதற்கு மேல் போகவில்லை.

மறுவருஷம் சூப்பர் போலில் எதிரணி ராம்ஸ், குவார்ட்டர்பேக் ஜாரெட் கோஃப். “நெருக்கினால் தடுமாறுவான்” என்றார். 13-3. சொன்னது சொன்னபடி நடந்தது. திங்கட்கிழமை டோனட் பெட்டியோடு வந்தார். அன்றைக்குக் கண்ணாடியில் கையே வைக்கவில்லை.