வெள்ளைமேல் வெள்ளை

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது இன்னும் கொஞ்சம் எழுதினார்கள். “அதைப் பெட்டிமேல் படமாக்குற ஆளைப் பத்தி யாராவது எழுதியிருக்கீங்களா?” என்று கேட்டார், சிவகாசியில் ஆஃப்செட் அச்சகம் வைத்திருக்கும் நண்பர். அவர் சொல்லித்தான் ராஜபாளையத்துப் போட்டோகிராபர் அண்ணாச்சியைப் பார்க்கப் போனேன்.

பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மாடியில் ஸ்டுடியோ. கீழே பாஸ்போர்ட் படம், மேலே கம்பெனி வேலை. தளவாய்புரத்து நைட்டி, சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா எல்லாம் அந்த மாடிக்கு வந்து போகின்றன. தெர்மாகோல் அட்டையை எங்கே நிறுத்துவது, எந்த லென்ஸ் எதற்கு என்று அண்ணாச்சி விளக்கியதில் பாதி எனக்குப் பிடிபடவில்லை. என் கண் மேசைமேல் கிடந்த நீள நோட்டிலேயே இருந்தது.

கணக்கு எழுதும் நோட்டுதான். ஒரு வேலைக்கு ஒரு பக்கம். நைட்டிக் கம்பெனிப் பக்கத்தில் இப்படி இருந்தது: ‘ஹேங்கரிலா, பொம்மையிலா, ஆள் போட்டா? – பொம்மை. மெரூன் சிவப்பாக வரக் கூடாது. துணி கையில் வேண்டும். பாக்கெட் தெரிய வேண்டும். படம் எங்கே போகிறது? – ஆன்லைன். திருத்தம் – இரண்டு முறை. கடைசி ஓகே – மகன்.’ அடியில் முதலாளியின் கையெழுத்து.

“கடைசி ஓகே எதுக்கு அண்ணாச்சி?”

“அப்பா நல்லாருக்குன்னுவார். மகன் வேற மாதிரி வேணும்பான். ஓகே சொல்ற ஆளு ஷூட்டிங் அன்னிக்கே இங்க உக்காரணும் தம்பி. இல்லேன்னா ரெண்டாவது தடவை எடுக்கறது என் கைக்காசு.”

பிலிம் காலத்தில் டச்சிங் பையனாக இந்தத் தொழிலுக்கு வந்தவர். நெகடிவ்மேல் பென்சில் தீட்டி, மணப்பெண்ணின் முகத்தழும்பை மறைத்துப் பழகிய கை. கல்யாண வீட்டில் பெண்ணின் அம்மா நேரே வந்து, “இந்தப் பக்கம் எடுங்க” என்று சொல்லிவிடுவாராம். கம்பெனி வேலைக்கு வந்த பிறகு நேரே சொல்கிற ஆள் இல்லாமல் போனார். நடுவில் ஏஜென்ட் வந்துவிட்டார்.

நோட்டு பிறந்தது ஒரு பேண்டேஜ் துணியால். ‘ஒயிட் பேக்ரவுண்ட், பளிச்சுனு வேணும்’ என்று ஏஜென்ட் வாட்ஸப்பில் ஒரு வரி அனுப்பினார். அண்ணாச்சியும் வெள்ளைத் தாளில் வெள்ளைத் துணியை வைத்துப் பளிச்சென்றே எடுத்தார். படம் திரும்பி வந்தது. காரணம் தெரியவில்லை. ஏஜென்ட்டிடம் கேட்டால், “பார்ட்டிக்குப் பிடிக்கல.” கடைசியில் அண்ணாச்சியே பஸ் ஏறிச் சத்திரப்பட்டிக்குப் போனார். தறிக்காரர் துணியை விரித்து, அதன்மேல் சின்ன லென்ஸை வைத்துக் காட்டினாராம். வாங்குகிறவர்கள் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணிப் பார்ப்பவர்கள். படத்திலோ இழையே இல்லை. கறுப்பு அட்டையை அடியில் வைத்து, விளக்கைப் பக்கவாட்டில் இறக்கி மறுபடி எடுத்ததும் ஒவ்வொரு நூலும் தனித்தனியாக எழுந்து நின்றது. முதல் தடவை எடுத்ததற்குக் கூலி கிடையாது.

படம் போகும் இடம் தெரியாமல் படம் எடுக்க முடியாது. அமேசானில் முதல் படத்துக்குப் பின்னணி சுத்த வெள்ளையாக இருக்க வேண்டும், பொருள் சட்டத்தில் 85 சதவீதத்தை நிரப்ப வேண்டும். சிவகாசியில் பெட்டி அச்சடிக்க அங்குலத்துக்கு 300 புள்ளி கேட்பார்கள். தூரத்திலிருந்து பார்க்கும் பிளெக்ஸ் பேனருக்கு அவ்வளவு தேவையில்லை. வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிப் போய்ச் சேரும்; அதை அப்படியே அச்சகத்துக்குத் தள்ளிவிட்டு, “போட்டோகிராபர் எடுத்தது சரியில்லை” என்கிற ஏஜென்ட்களை என் சிவகாசி நண்பர் தினமும் பார்க்கிறார்.

ஏஜென்ட் கமிஷன் எடுப்பதில் எனக்குப் பெரிய கோபமில்லை. வேலை பிடித்துக் கொடுப்பதும் வேலைதான். ஆனால் முதலாளியின் நம்பரைப் போட்டோகிராபருக்கும், போட்டோகிராபரின் நம்பரை முதலாளிக்கும் காட்டாமல் மறைத்து வைப்பதே பிழைப்பாகிவிட்டால், இரண்டு பக்கமும் ஏமாறுகிறது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னவரே அதன் முதல் உரிமையாளர். சொன்னவரும் கொடுத்தவரும் ஏஜென்ட் என்றால்? பொருள் ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது. படம் மட்டும் தன்னுடையது என்று மூன்றாமவரான ஏஜென்ட் வழக்காட இடமிருக்கிறது. ஒரு தாளில் நாலு வரி எழுதிக்கொள்ள இரண்டு பேரும் நேரில் உட்கார்ந்தால் போதும். அப்படி உட்காருவதைத்தான் ஏஜென்ட்கள் நடக்கவிடாமல் செய்கிறார்கள்.

சாயங்காலம் அண்ணாச்சியோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். வாணலியிலிருந்து அப்போதுதான் இறக்கிய கோவா, மேலே நெய் மினுங்கிக்கொண்டிருந்தது. “இப்பவே எடுத்தா அழகா வரும். ஆனா பெட்டியத் தொறக்கிறவர் பாக்குறது ஆறினதத்தானே? அப்புறம் என்னைத் திட்ட மாட்டாரா?” என்றார் கடைக்காரர். இருவரும் அடுப்புப் பக்கத்திலேயே நின்று வெகுநேரம் வாதாடினார்கள். பெட்டிக்கு ஆறின கோவா, கடைவாசல் பேனருக்குச் சூடானது என்று முடிவாகி நோட்டில் ஏறியது. அதுவரை கேமரா பையை விட்டு வெளியே வரவில்லை.

திரும்பும் வழியில், “பேசின நேரத்துக்கும் பில்லில் ஒரு வரி போடலாமே அண்ணாச்சி” என்றேன்.

“போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். கடைக்காரங்க யாரும் மறுத்ததில்லை. ஏஜென்ட் மட்டுந்தான் அந்த வரிய அடிச்சிருவார்.”