மேலூரில் ஒரு தேன் விருந்து

ஸ்ரீரங்கம் போகிறவர்கள் பெருமாளைச் சேவித்த கையோடு ரயிலடிக்குத் திரும்பிவிடுவது வழக்கம். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, மேலூரில் 2015-ல் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்கு வண்டியை விடச் சொல்லுங்கள். வெயில் சற்று ஏறட்டும். உடம்பில் சூடு ஏறினால்தான் இவற்றுக்குச் சுறுசுறுப்பு.

இறக்கையின் அழகைப் பார்த்தது போதும், முகத்தைப் பாருங்கள். கடிகார வில் போல் சுருண்ட குழல் மெல்ல நீள்கிறதல்லவா? அதுதான் வாய்! கூட்டை விட்டு வரும்போது அது இரண்டு பாதிகளாக இருக்கும். பூச்சி அவற்றை ஒன்றாகப் பொருத்திக்கொள்ள வேண்டும். பொருந்தாவிட்டால், சுற்றிலும் ஆயிரம் பூக்கள் இருந்தும் பட்டினிதான். புழுவாக இருந்தபோது இலையை நறுக்கித் தின்ற தாடைதான் இப்போது கிடையாதே!

ருசியும் ஒன்று போல் இல்லை. ஆழமான பூவில் தேன் குடிக்க நீளக் குழல் வேண்டும். அழுகிய பழத்தை நாடும் சிலவற்றுக்குக் குழலின் நுனி தூரிகை மாதிரி இருக்கும்; சாற்றைத் துடைத்தெடுக்கத் தோது. ஈர மண்ணில் கூட்டமாக உட்கார்ந்திருப்பவை பெரும்பாலும் ஆண்கள். அவை உறிஞ்சும் உப்பில் ஒரு பங்கு, இணை சேரும்போது பெண்ணுக்குப் போய் முட்டைகளில் சேர்கிறது. ஆம், இங்கே சீர் கொடுப்பது மாப்பிள்ளைதான்!

வீடு திரும்பியதும், வேலியோரத்து எருக்கையும் தேள்கொடுக்கையும் களை என்று பிடுங்காதீர்கள். எருக்கிலை சில புழுக்களுக்குச் சோறு. வாடிய தேள்கொடுக்கின் சாறு சில ஆண் பூச்சிகளுக்கு வாசனைச் சரக்கு. பூந்தொட்டி மட்டும் வைத்தால் விருந்தாளி வருவார், குடும்பம் தங்காது.