ஐந்தாம் கற்பனை எது?

பத்துக் கற்பனைகளில் ஐந்தாவது எது? மும்பையின் தாராவியில் ஒரே சந்தில் வளரும் இரண்டு தமிழ்க் கிறிஸ்தவப் பிள்ளைகளைக் கேட்டால் இரண்டு விடை வரும். கொலையை விலக்கும் கட்டளைதான் ஐந்தாவது என்று லுத்தரன் சபைப் பிள்ளை சொல்லும். தாய் தகப்பனைக் கனம்பண்ணச் சொல்வதுதான் ஐந்தாவது என்று சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பிள்ளை சொல்லும். இருவரும் வாசிப்பது ஒரே தமிழ் வேதாகமம். இருவரும் ஓய்வுநாள் பள்ளியில் விரல் மடக்கி ஒப்புவித்துப் பரிசு வாங்கியவர்கள். ஒருவர் விரலுக்கும் இன்னொருவர் விரலுக்கும் இடையில் ஒரு எண் தள்ளிப்போனது எங்கே என்பதுதான் இந்தத் தேடல்.

‘கற்பனை’ என்ற சொல்லே மும்பைப் பிள்ளைகளுக்கு முதல் இடறல். சினிமாப் பாட்டில் தமிழ் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது மனத்தில் தோன்றும் பொய்ச்சித்திரம். கற்பித்தல், அதாவது கட்டளையிடுதல் என்ற பழைய பொருள் கோயிலுக்குள் மட்டும் உயிரோடிருக்கிறது.

மும்பைத் தமிழ்க் கிறிஸ்தவர்களில் லுத்தரன்கள் சிறுபான்மைக்குள் சிறுபான்மை. தாராவித் தமிழர்களில் பெரும்பகுதி திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் வேலைக்கு வந்தவர்களின் சந்ததி. அந்தச் சீமையின் புராட்டஸ்டன்ட் சபை சி.எஸ்.ஐ. ஆகவே கிறிஸ்தவர்களிலும் அவர்களே அதிகம். லுத்தரன்களின் ஊர்கள் வேறு. ஒரு சாரார் தரங்கம்பாடி, தஞ்சாவூர், திருச்சி வட்டாரத்தைச் சேர்ந்த தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையார். அது 1919 ஜனவரி 14 அன்று தனித் திருச்சபையானது. மறு சாரார் ஆம்பூர், கிருஷ்ணகிரி, நாகர்கோவில் பக்கத்து இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபையார். அமெரிக்காவின் மிசௌரி சினாடு அனுப்பிய மிஷனரிகளின் உழைப்பில் உருவாகி, 1958இல் தன் பெயரில் நின்ற சபை அது. ஆம்பூரும் தோல் ஊர், தாராவியும் தோல் ஊர். மாட்டுங்காவில் ரயில்வே பணிமனை இருந்தது. செம்பூர், டிராம்பே பக்கம் எண்ணெய் ஆலையும் உர ஆலையும் வந்தன. பிழைப்பு கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் பெட்டிக்குள், விசுவாசத்தின் அடிப்படைகளைக் கேள்வி பதிலாகக் கற்பிக்கும் ஞானோபதேசப் புத்தகமும் போனது.

இத்தனை சிறிய சபையில் பெண் எடுக்கவும் கொடுக்கவும் தன் சபைக்குள்ளேயே ஆள் தேடினால் நடக்காது. எனவே அப்பா லுத்தரன், அம்மா சி.எஸ்.ஐ. என்ற குடும்பம் இங்கே சாதாரணம். குடும்ப ஜெபம் முடிந்து பிள்ளை கற்பனைகளை ஒப்புவிக்கும்போது எண் தகராறு வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். “எங்க ஊர்ல அது ஆறாவது” என்று அம்மா சொல்ல, “ஞானோபதேசத்துல பாரு” என்று அப்பா சொல்வதோடு அது முடியும். யாரும் சண்டை போடுவதில்லை. யாரும் விளக்கம் சொல்வதும் இல்லை.

வேதாகமத்தில் தேடினால் எண் கிடைக்காது. கட்டளைகள் யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்திலும் உபாகமம் 5ஆம் அதிகாரத்திலும் இரண்டு முறை வருகின்றன. மொத்தம் பத்து என்று வேறு வசனங்கள் சொல்கின்றன. எபிரெய மூலத்தில் அது ‘பத்து வார்த்தைகள்’. எது முதலாவது, எது பத்தாவது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. வாக்கியங்களை எண்ணினால் பத்துக்கு மேல் வரும். ஆகவே சிலவற்றைச் சேர்த்துத்தான் பத்தாக்க வேண்டும். எதை எதோடு சேர்ப்பது என்பதில்தான் வழிகள் பிரிந்தன.

யூதர்கள், எகிப்திலிருந்து விடுவித்த கடவுள் தாமே என்னும் அறிவிப்பையே முதல் வார்த்தையாகக் கொண்டார்கள். ஆனால் முதல் நூற்றாண்டின் யூத அறிஞர்களான பிலோவும் யோசேப்பஸும் வேறு தெய்வம் கூடாது என்பதை ஒன்றாகவும் சிலை கூடாது என்பதை இரண்டாகவும் பிரித்தார்கள். கிழக்கத்திய சபைகள், பின்னால் கால்வின் வழியினர், ஆங்கிலிக்கர் எல்லாரும் இந்த வரிசைக்காரர்கள். வட ஆப்பிரிக்காவின் ஆயர் அகஸ்தீன் (354–430) மாற்றி எண்ணினார். சிலை பற்றியதை முதல் கட்டளைக்குள்ளேயே அடக்கி, இச்சையைக் குறித்த கடைசிக் கட்டளையை இரண்டாக்கினார். கடவுளைப் பற்றி மூன்று, மனிதரைப் பற்றி ஏழு. அந்த மூன்றில் திரித்துவத்தின் சாயல் இருப்பதாக அவர் கண்டார். மேற்கத்திய சபை அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டது. மார்ட்டின் லுத்தர் அகஸ்தீன் பெயரால் அமைந்த துறவற சபையில் இருந்தவர். ரோமாபுரியோடு எத்தனையோ விஷயங்களில் முறித்துக்கொண்டவர், இந்த எண்ணை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார். விட்டன்பர்க்கில் சிலைகளை உடைக்கக் கிளம்பியவர்களை 1522 மார்ச்சில் அவர் பிரசங்கம் செய்தே நிறுத்தினார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிலைக் கட்டளையைத் தனியே எண்ணாத சபைகளில் பலிபீடத்தின் மேல் இயேசுவின் உருவம் பொறித்த சிலுவை இன்றும் நிற்கிறது.

லுத்தர் எழுதிய சிறிய ஞானோபதேசத்தின் பிறப்பு சுவையானது. 1528இல் சாக்சனி கிராமங்களைச் சுற்றிப் பார்த்தார். ஜனங்களுக்குக் கர்த்தருடைய ஜெபம்கூடத் தெரியவில்லை, பல குருமாருக்கும் போதிக்கத் தெரியவில்லை. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் சுவரில் மாட்டும் தாள்களாக ஞானோபதேசம் வெளிவந்தது. அதே 1529இல் புத்தகமாயிற்று. பகுதிகளின் தலைப்பிலேயே, குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்கு எளிமையாகக் கற்பிக்க வேண்டிய விதம் என்று குறிப்பிருக்கிறது. காலையில் எழுந்ததும், இரவில் படுக்கும்முன்னும், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் சொல்ல வேண்டிய ஜெபங்கள் அதில் உண்டு. காலை ஜெபம் முடிந்தால் சந்தோஷமாக வேலைக்குப் போ என்பதும் உண்டு. அதாவது இது கோயிலுக்காக எழுதப்படுவதற்கு முன்னே வீட்டுக்காக எழுதப்பட்டது. ஒற்றை அறையில் பாயைச் சுருட்டி வைத்துவிட்டுக் குடும்ப ஜெபம் நடத்தும் தாராவி வீடு, லுத்தர் மனத்தில் வைத்திருந்த இடத்துக்கு வெகு தூரமில்லை.

லுத்தர் வழியாக இந்த எண் தமிழுக்கு வந்த கப்பலின் தேதி தெரியும். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் அனுப்பிய பார்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்ரிக் புளூட்சோவும் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார்கள். சீகன்பால்கு திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் எழுத்துப் பழகினார். சீக்கிரமே லுத்தரின் ஞானோபதேசத்தைத் தமிழாக்கினார். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் வந்தன. புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. ஆனால் தமிழில் ஞானோபதேசம் அச்சேறியது அவர் காலத்தில்தான் என்று நினைத்தால் தவறு. 1578இல் கொல்லத்தில் அன்றீக்கே அடிகளார் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ என்ற பதினாறு பக்க நூலே ஒரு ஞானோபதேசம்தான். தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலே பிள்ளைகள் ஒப்புவிக்கும் பாடம்! ‘ஞானோபதேசம்’ என்ற பெயரையும் ராபர்ட் தெ நொபிலியின் நூல் முன்பே தாங்கியிருந்தது. சீகன்பால்கு கத்தோலிக்கரை மறுத்தார். சொற்களை அவர்களிடமிருந்தே எடுத்தார். கடவுளுக்கு அவர் எழுதிய ‘சர்வேசுரன்’ அவர்கள் சொல்தான். பின்னால் லுத்தரன் மிஷனரி பப்ரிசியுஸின் வேதாகம மொழிபெயர்ப்பில் அது ‘பராபரன்’ ஆகி, அதற்குப் பின் வந்த பதிப்பில் ‘தேவன்’ ஆனது. கடவுளின் பெயர் இரண்டு முறை மாறியும் கற்பனையின் எண் மாறவில்லை.

இதுவரை கதை நேர்கோடு. தேடல் திருநெல்வேலிக்குப் போனதும் கோடு வளைகிறது. பாளையங்கோட்டையில் குளோரிந்தா என்ற மராட்டியப் பிராமண விதவைக்கு 1778இல் ஞானஸ்நானம் கொடுத்தவர் சுவார்ட்ஸ் ஐயர். குளோரிந்தா கட்டிய சிற்றாலயம் 1785இல் எழுந்தது. அங்கே ஊழியம் செய்யப் போன சத்தியநாதன் 1790இல் குருப்பட்டம் பெற்றார். சுவார்ட்ஸ் ஹாலேயிலிருந்து வந்த லுத்தரன். சத்தியநாதன் பெற்றது லுத்தரன் முறைப் பட்டம். அவர்களுக்குச் சம்பளம் கொடுத்ததோ லண்டனின் எஸ்.பி.சி.கே. என்ற ஆங்கிலிக்கச் சங்கம். காசு ஆங்கிலிக்கம், பாடம் லுத்தரன். இந்த விசித்திர ஏற்பாடு ஒரு நூற்றாண்டு போல நீடித்தது. 1825இல் எஸ்.பி.சி.கே. தன் தென்னிந்திய மிஷன்களை எஸ்.பி.ஜி. என்ற இன்னொரு ஆங்கிலிக்கச் சங்கத்திடம் ஒப்படைத்தது. அதன் பிறகு படிப்படியாக ஆங்கிலிக்க ஜெபப் புத்தகமும் அதிலிருந்த ஞானோபதேசமும் ஊன்றின. அந்தப் புத்தகம் சிலைக் கட்டளையை இரண்டாவதாக எண்ணுவது. 1552 முதல் நற்கருணை ஆராதனையிலேயே பத்துக் கற்பனைகளும் வாசிக்கப்பட்டதால், புது எண் வாராவாரம் காதில் விழுந்தது.

ஆக, தாராவிச் சந்தில் தன் எண்ணை விட்டுக்கொடுக்காத அந்த சி.எஸ்.ஐ. பிள்ளையின் முன்னோர் சுவார்ட்ஸ் காலத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் என்றால், அவர்கள் கொலையைத்தான் ஐந்தாவதாக ஒப்புவித்திருப்பார்கள். எண்ணை மாற்றியவர்கள் லுத்தரன்கள் இல்லை. அம்மா வீட்டார்தான் மாறியிருக்கிறார்கள். இதைக் குடும்ப ஜெபத்தில் சொல்வது புத்திசாலித்தனமா என்பது வேறு கேள்வி.

மறுதிசையில், ஆங்கிலிக்கத்திலிருந்து லுத்தரன் பக்கம், குடும்பங்கள் மாறியதும் உண்டு. அதற்குக் காரணம் எண்ணும் இல்லை, உபதேசமும் பெரும்பாலும் இல்லை. வரலாற்றின் அந்த இடம் அழகானதல்ல. 1833இல் ஆங்கிலிக்க ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரின் வேதநாயக சாஸ்திரியார் முதலிய வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் அதை எதிர்த்தார்கள். டிரெஸ்டனில் 1836இல் தொடங்கி 1848இல் லைப்சிக் நகருக்குப் பெயர்ந்த லுத்தரன் மிஷன் சாதி விஷயத்தில் கண்டிப்புக் காட்டவில்லை. ஆங்கிலிக்கத்திலிருந்து பலர் அந்தப் பக்கம் வந்தார்கள். லுத்தரன் சபை வரலாறுகள் இந்தப் பக்கத்தைச் சீக்கிரம் புரட்டிவிடுவது வழக்கம். அதே லைப்சிக் மிஷனிலிருந்து வேறொரு காரணத்துக்காக, வேதவாக்கின் பிழையின்மை பற்றிய கொள்கைத் தகராறில், நேத்தர், மோன் என்ற இருவர் பிரிந்தார்கள். 1895இல் மிசௌரி சினாடின் பேரில் கிருஷ்ணகிரியில் வேலை தொடங்கினார்கள். மும்பையில் லுத்தரன் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு சபை இருப்பதன் வேர் அங்கே. எண்ணில் இரண்டுக்கும் பேதமில்லை.

சி.எஸ்.ஐ. 1947 செப்டம்பர் 27 அன்று பிறந்தபோது ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகள், காங்கிரிகேஷனல், பிரெஸ்பிட்டீரியன் சபையார் சேர்ந்தார்கள். லுத்தரன்கள் வெளியே நின்றார்கள். பிறகு நெடுங்காலம் பேச்சுவார்த்தை நடந்தது, கொள்கையில் பெரும்பாலும் உடன்பாடும் ஏற்பட்டது, இணைப்பு ஏற்படவில்லை. மும்பையில் அந்த இணைப்பைக் கல்யாணங்கள் பார்த்துக்கொள்கின்றன.

இங்கே இப்போது எண்ணைவிட எழுத்துதான் கவலை. ஆங்கிலம், மராத்தி, இந்தி வழிப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. திடப்படுத்தல் வகுப்புக்கு வரும் பிள்ளை, தமிழ் ஞானோபதேசத்தை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்து ஒப்புவிப்பதும் உண்டு. ஒவ்வொரு கற்பனைக்கும் பின்னே வரும், இதன் பொருள் என்ன என்ற கேள்வி அவர்களுக்கு நிஜக் கேள்வியாகிவிடுகிறது. அன்றன்றுள்ள அப்பத்துக்கு லுத்தர் தரும் பொருள் விளக்கத்தில் உணவு, உடை, செருப்பு, வீடு, நிலம், பணம், நல்ல துணை, நல்ல பிள்ளைகள், நல்ல அரசு, நல்ல வானிலை, நம்பகமான அக்கம்பக்கத்தார் என்று பட்டியல் நீளும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்த ஊரில், வானிலையும் பக்கத்து வீட்டாரும் சாப்பாட்டுப் பட்டியலில் ஏன் இருக்கின்றன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

கான்வென்ட் பள்ளிக்குப் போகும் லுத்தரன் பிள்ளைக்கு ஒரு சௌகரியம். கத்தோலிக்க ஞானோபதேசமும் அகஸ்தீன் கணக்குத்தான் என்பதால் ஐந்தாம் கற்பனை அங்கும் ஐந்துதான். பேதம் ஒன்பதாவதில் வரும். உபாகமத்தில் பிறன் மனைவி முதலில் வருகிறாள். கத்தோலிக்கர் அதைப் பின்பற்றி அவளை ஒன்பதாவதில் வைத்தார்கள். யாத்திராகமத்தில் பிறன் வீடு முதலில் வருகிறது; லுத்தர் அதைப் பிடித்து வீட்டுக்கென்று தனிக் கற்பனையே வைத்தார். சி.எஸ்.ஐ. கணக்கில் வீடும் மனைவியும் மற்ற எல்லாமும் பத்தாவதில் ஒன்றாகக் கிடக்கின்றன.

லுத்தரின் விளக்கம், அயலானின் வீட்டைத் தந்திரமாகவோ சட்டப்படி நியாயம் இருப்பதுபோலக் காட்டியோ அடையக் கூடாது என்கிறது. தாராவி மறுசீரமைப்புக் கணக்கெடுப்பில், 2000 ஜனவரி 1க்கு முன்பே தரைத்தளத்தில் குடியிருந்ததற்குச் சான்று கேட்கிறார்கள். ரேஷன் கார்டும் பழைய மின்கட்டண ரசீதும் வைத்திருக்கும் அதே தகரப் பெட்டியில்தான் பல வீடுகளில் ஞானோபதேசமும் இருக்கிறது.