தோழமையே தொண்டாக: அன்ட்ரூஸ் அடிகளின் ஏழு மாதங்கள்

சமயத் தொண்டர்களின் வரலாறுகள் பெரும்பாலும் பயணக் கணக்குகளாகவே எழுதப்பட்டு வந்துள்ளன. எத்தனை கடல்களைக் கடந்தார், எத்தனை ஊர்களிற் பிரசங்கித்தார், எத்தனை பள்ளிகளை நிறுவினார் என்னும் எண்ணிக்கைகளே அவற்றில் முதலிடம் பெறுகின்றன. பயணத்தின் முடிவிலே தொண்டர் எவ்வாறு மாறினார் என்னும் வினா அத்துணை எளிதில் எழுப்பப்படுவதில்லை. பிறரை மாற்றச் சென்றவர் தாமே மாறித் திரும்புவது சமய நிறுவனங்களுக்கு உவப்பான செய்தியன்று என்பது அதற்கொரு காரணமாகலாம். சார்ள்ஸ் பிரியர் அன்ட்ரூஸ் என்னும் ஆங்கிலக் குருவானவரின் வாழ்விலே 1913ஆம் ஆண்டின் இறுதிப் பகுதி தொடங்கி 1914ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரையுள்ள ஏறத்தாழ ஏழு மாத காலம் அத்தகைய மாற்றம் நிகழ்ந்த காலமாகும். மூன்று கண்டங்களைத் தொட்ட அலைச்சலும், வாழ்நாள் முழுவதும் நிலைத்த நட்புகளும், ஈடுசெய்ய முடியாத ஓர் இழப்பும் அக்குறுகிய காலத்துள் அடங்கியிருந்தன.

அன்ட்ரூஸ் 1871ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நியூகாசில் நகரிற் பிறந்தவர். கேம்பிரிஜ் பல்கலைக்கழகத்தின் பெம்புரோக் கல்லூரியிற் பயின்றவர். ஆங்கிலிக்கன் திருச்சபையிற் குருப்பட்டம் பெற்ற அவர், 1904ஆம் ஆண்டு கேம்பிரிஜ் மிசனைச் சேர்ந்தவராக டில்லிக்கு வந்து, சென். ஸ்டீபன்ஸ் கல்லூரியில் ஆசிரியப் பணியை ஏற்றார். மிசனரிமார் ஒரு வளாகத்துள் தமக்கெனத் தனி வாழ்வு வாழ்ந்து, இந்தியரைப் பரிவுடனேனும் ஒரு படி மேலே நின்று நோக்கிய காலம் அது. அன்ட்ரூசுக்கோ அக்கல்லூரியின் இந்திய ஆசிரியரான சுசீல்குமார் ருத்ரா உற்ற நண்பரானார். அதிபர் பதவி வெற்றிடமானபோது, தாம் ஆங்கிலேயர் என்பதனால் வரக்கூடிய முதன்மையை அன்ட்ரூஸ் வேண்டாமென்றார். ருத்ராவே அக்கல்லூரியின் முதலாவது இந்திய அதிபரானார். 1912ஆம் ஆண்டு இலண்டனில் ஓவியர் ரோதன்ஸ்ரைனின் இல்லத்திலே கீதாஞ்சலியின் ஆங்கில வடிவத்தைக் கவிஞர் யேற்ஸ் வாசிக்கக் கேட்டபோது, தாகூரின்பால் அவர் கொண்ட ஈடுபாடு தொடங்கியது. எனவே தென்னாபிரிக்காவுக்குச் செல்லுமுன்னரே நட்பு என்பது அவருக்கு ஓய்வுநேர இன்பமாக இருக்கவில்லை. வாழ்வின் திசையை மாற்றவல்ல ஆற்றலாகவே அது இருந்தது.

அவரைத் தென்னாபிரிக்காவுக்கு இழுத்த நிகழ்ச்சிகளை இங்குச் சுருக்கமாக நோக்குதல் வேண்டும். 1860ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் சென்னையிலிருந்து சென்ற கப்பலொன்று நேற்றால் கரையை அடைந்தது முதல், 1911ஆம் ஆண்டு வரை ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக அங்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களிற் பெரும்பகுதியினர் சென்னை மாகாணத்தவர், தமிழரும் தெலுங்கருமாவர். இலங்கையின் மலையகத் தோட்டங்களுக்கு வந்தோர் கங்காணி முறையின் வழியே வந்தனர். நேற்றாலுக்குச் சென்றோர் ஐந்தாண்டு ஒப்பந்தத்திற் கட்டுண்டு சென்றனர். முறை வேறாயினும், இரு சாராரையும் ஊரைவிட்டுத் துரத்திய வறுமை ஒன்றே. ஒப்பந்தத்தின் முதலாம் ஆண்டில் ஒரு தொழிலாளிக்கு மாதமொன்றுக்குக் கிடைத்த கூலி 10 சிலிங். ஒப்பந்தம் முடிந்தபின் நாடு திரும்பாமலும் மீண்டும் ஒப்பந்தஞ் செய்யாமலும் அங்கேயே தங்க விரும்பியோர்மீது 1895ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு 3 பவுண் தலைவரியை விதித்தது. 3 பவுண் என்பது 60 சிலிங். அஃதாவது முதலாம் ஆண்டின் ஆறு மாதக் கூலி. மனைவியரும் பருவமெய்திய பிள்ளைகளுங்கூட அவ்வரிக்கு உட்பட்டனர். 1913ஆம் ஆண்டிலோ, கிறிஸ்தவ முறைப்படி நடவாத திருமணங்கள் செல்லா எனப் பொருள்படும் நீதிமன்றத் தீர்ப்பொன்றும் வந்து சேர்ந்தது. வயிற்றில் அடித்த சட்டம் ஒருபுறமும் மானத்தில் அடித்த தீர்ப்பு மறுபுறமுமாக நெருக்கவே, பெண்களும் சிறை புகுந்தனர். சுரங்கத் தொழிலாளரும் கரும்புத் தோட்டத் தொழிலாளரும் வேலையை நிறுத்தினர். அவ்வாண்டு நவம்பரிலே இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் காந்தியடிகளின் தலைமையில் திரான்ஸ்வால் எல்லையைக் கடந்து நடந்தனர்.

இச்செய்திகள் இந்தியாவை எட்டியபோது, கோகலே நாடெங்கும் நிதி திரட்டினார். அன்ட்ரூஸ் தம் சேமிப்பு முழுவதையும் அவரிடம் ஒப்படைத்தார். பின்னர் தம்மையே ஒப்படைத்தார். கல்கத்தாவில் மிசனரியாகப் பணியாற்றியிருந்த வில்லியம் பியர்சன் என்னும் நண்பரும் அவருடன் சேர்ந்து கப்பலேறினார். அக்காலத்தில் அன்ட்ரூசின் தாயார் இங்கிலாந்திலே நலங்குன்றியிருந்தார். தென்னாபிரிக்கப் பணி முடிந்ததும் அங்கிருந்து நேரே சென்று தாயைக் காண்பது என்பதே மகனின் எண்ணம்.

1914ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் திகதி டேர்பன் துறைமுகத்தில் இருவரும் இறங்கினர். அவர்களை வரவேற்க வந்தோருள் தலைமழித்து, வெள்ளை உடையில், ஒப்பந்தத் தொழிலாளியின் கோலத்தில் ஒருவர் நின்றார். வேலைநிறுத்தத்தின்போது சுடப்பட்டு இறந்தோருக்காகத் துக்கங்காத்த காந்தியடிகளே அவர். அவர் இன்னாரென அறிந்த கணமே அன்ட்ரூஸ் குனிந்து அவருடைய பாதங்களைத் தொட்டார். துறைமுகத்தில் நின்ற வெள்ளையருக்கு இச்செயல் பேரதிர்ச்சியாயிற்று, பத்திரிகைகள் கண்டித்தன. ஆங்கிலேயர் ஒருவர், அதிலும் குருவானவர் ஒருவர், ஆசிய நாட்டவரின் காலைத் தொடுவதா என்பதே அவர்களின் கேள்வி. கிறிஸ்தவ மறையிலே பாதத்தைத் தொடுதலுக்குள்ள இடத்தை அவர்கள் மறந்துவிட்டனர் போலும். தம் சீடரின் கால்களைக் கழுவிய ஆண்டவரைப் பற்றி ஞாயிறுதோறும் கேட்டவர்களுக்கு, அச்செயலின் சாயல் ஒன்று தம் கண்முன்னே நிகழ்ந்தபோது அதனை அடையாளங் காண இயலவில்லை. சில நாட்களுள் அவ்விருவரும் ஒருவரையொருவர் ‘மோகன்’ என்றும் ‘சார்லி’ என்றும் விளித்துக்கொள்ளும் உரிமையுடையோராயினர். காந்தியடிகளை அவ்வாறு பெயர்சொல்லி அழைத்தோர் மிகச் சிலரே.

தொடர்ந்து வந்த வாரங்கள் ஓய்வற்றவை. டேர்பன், பீனிக்ஸ் குடியிருப்பு, பிரிட்டோரியா, கேப்டவுண் என அலைச்சல் நீண்டது. பியர்சன் கரும்புத் தோட்டங்களிலே தொழிலாளர் நிலையை ஆராயும் பணியை மேற்கொண்டார். அன்ட்ரூசோ காந்தியடிகளுக்கும் அமைச்சர் ஸ்மட்சுக்கும் இடையிலே தூதுவராக நின்றார். அவ்வேளை வெள்ளைத் தொழிலாளரின் புகையிரத வேலைநிறுத்தம் அரசை நெருக்கியது. எதிரியின் இடுக்கணைத் தமக்கு வாய்ப்பாக்க விரும்பாத காந்தியடிகள் தம் போராட்டத்தை நிறுத்திவைத்தார். சொற்களைப் பற்றிய இழுபறிகளுக்குப் பின்னர் ஜனவரி 21ஆம் திகதி இருவரிடையே இடைக்கால உடன்பாடு கடித வடிவிற் கைகூடியது.

இத்தூதிலே மனங்கொள்ள வேண்டிய முரண்பாடு ஒன்றுண்டு. ஸ்மட்சும் கேம்பிரிஜில் பயின்றவர். அன்ட்ரூசுக்கு அமைச்சரின் வாயில் இலகுவாகத் திறந்தமைக்கு அவருடைய நற்பண்பு மட்டும் காரணமன்று; அவருடைய நிறமும் கல்வியுங் காரணமாகும். அதே நாட்களிலேதான் டேர்பன் நகர ஆலயமொன்றில் அன்ட்ரூஸ் ஆற்றிய பிரசங்கத்தைக் கேட்க விரும்பிச் சென்ற காந்தியடிகள், நிறங்காரணமாக உள்ளே அனுமதிக்கப்படவில்லை என அவருடைய வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர். ஒருவருக்கு அமைச்சின் கதவைத் திறந்த நிறவேற்றுமையே மற்றவருக்கு ஆண்டவன் வீட்டின் கதவை அடைத்தது. பிரசங்க பீடத்திலே நின்று அன்பைப் பற்றிப் பேசியவரின் சொற்கள் வாசலிலே பொய்யாயின. இதனை அன்ட்ரூஸ் எளிதில் மறக்கவில்லை. வெள்ளையரின் ஆலயங்களிற் காணாத கிறிஸ்துவைத் துன்புற்ற இந்தியரிடையே கண்டதாகப் பொருள்பட அவர் நண்பர்களுக்கு எழுதினார். தம் சலுகையைத் துறந்துவிட அவரால் இயலாது. ஏனெனில் தோலைக் கழற்றி வைத்தல் எவர்க்கும் இயலாது. அச்சலுகையைத் தமக்கெனப் பயன்படுத்தாமல், அது மறுக்கப்பட்டோரின் பொருட்டுச் செலவிடலாம் என்பதே அவர் கண்ட வழி.

அவர் நேற்றாலிற் கண்ட இன்னொரு முகமும் அவரை விட்டகலவில்லை. தோட்டத்தில் அடிபட்டு, முதுகிலே தழும்புகளுடன் ஓடிவந்த ஏழைத் தொழிலாளி ஒருவன், அன்ட்ரூசின் வெள்ளை முகத்தைக் கண்டதும் அஞ்சி ஒடுங்கினான். உதவ வந்த கையும் அடிக்க வந்த கையாகவே அவனுக்குத் தோன்றியது. அன்பு செய்யச் சென்ற ஒருவருக்கு அதனினும் கொடிய தண்டனை வேறில்லை. அடுத்த ஆண்டிலே அத்தொழிலாளியின் முகம் தம் மனக்கண்முன் தோன்றிக் கிறிஸ்துவின் முகமாக மாறியதை அவர் உணர்ந்ததாக அவருடைய வரலாறு கூறும்.

இவற்றிடையேதான் தாயாரின் மரணச் செய்தி வந்தது. ஜனவரி மாதத்திலே அவர் காலமானார். மகன் கடலுக்கப்பால் இருந்தார். பிறருடைய அன்னையரின் மானங்காக்கச் சென்றவரால் தம் அன்னையின் இறுதி மூச்சின்போது அருகிருக்க இயலவில்லை. இதனைத் தியாகம் எனப் புகழ்ந்துவிட்டு அப்பாற் செல்லுதல் எளிது. ஆயின் இழப்பு புகழ்ச்சியால் நிறைவதன்று. பீனிக்சிலும் டேர்பனிலும் இருந்த இந்தியப் பெண்கள் அவருக்கு ஆறுதல் கூறினர். எவருக்கு உதவச் சென்றாரோ அவர்களிடமிருந்தே உதவி பெறும் நிலை அவருக்கு வாய்த்தது. கொடுப்பவர், பெறுபவர் என்னும் வேறுபாடு அங்கு மறைந்தது. தொண்டு நட்பாக மாறும் இடம் அதுவே எனலாம். பெறத் தெரியாதவர் கொடையாளராகலாம், நண்பராகார்.

பெப்ரவரி மாதத்திலே கேப்டவுணில் தாகூரைப் பற்றி உரையாற்றிய பின்னர் அன்ட்ரூஸ் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அதே பெப்ரவரி 22ஆம் திகதி, சிறையிற் பெற்ற காய்ச்சலால் நலிந்திருந்த வள்ளியம்மை என்னும் பதினாறு வயதுத் தமிழ்ப் பெண் ஜோகனஸ்பேர்க்கில் உயிர்நீத்தாள். உடன்பாடுகளை எழுதுவோரும் தூது செல்வோரும் வரலாற்றிற் பெயர் பெறுகின்றனர். அவ்வுடன்பாட்டுக்கு உயிரால் விலை கொடுத்தோர் வேறு சிலர். அன்ட்ரூசின் பயணங்களைப் போற்றுமிடத்து, வள்ளியம்மையின் பயணம் ஒரு சிறைவாயிலிலிருந்து சுடுகாட்டுக்குச் சென்ற குறும்பயணமாக முடிந்ததையும் நினைத்தல் தகும்.

அவ்வாண்டு நடுப்பகுதியில் நிறைவேறிய இந்தியர் நிவாரணச் சட்டம் 3 பவுண் வரியை ஒழித்தது; இந்தியரின் திருமணங்களை ஏற்றது. ஆயினும் வாக்குரிமை, மாகாணங்களிடையே சென்றுவரும் உரிமை முதலியன கிட்டவில்லை. அந்நாட்டின் ஆபிரிக்க மக்களின் துயரமோ அப்பேச்சுவார்த்தைகளின் எல்லைக்கு அப்பாலேயே நின்றது. வெற்றி என்னும் சொல்லை அளவறிந்தே வழங்குதல் வேண்டும்.

இங்கிலாந்திலே தந்தையைக் கண்டபின், ஏப்ரல் மாதத்தில் அன்ட்ரூஸ் இந்தியா திரும்பினார். புறப்பட்டவர் மிசனரி, திரும்பியவரை எப்பெயரால் அழைப்பது என்பது அவருக்கே தெளிவாகவில்லை. டில்லி மிசனை விட்டு நீங்கிச் சாந்திநிகேதனத்திலே தாகூருடன் சேர்ந்தார். விசுவாசியாதோரைச் சாபத்துக்குட்படுத்தும் அத்தனாசியாரின் விசுவாசப் பிரமாணத்தை நேர்மையுடன் ஓத அவரால் இயலவில்லை. ருத்ராவின் தோழமையிலும் தாகூரின் தோழமையிலும் காந்தியின் தோழமையிலும் வாழ்ந்தவர், மாற்று மதத்து நண்பரை நரகுக்கு அனுப்பும் வாசகத்தை எந்நாவினால் உச்சரிப்பார்? எனவே குருத்துவப் பணிகளினின்றும் விலகிக்கொண்டார். கிறிஸ்துவைக் கைவிட்டார் என அதற்குப் பொருளன்று. கிறிஸ்துவின்மீது கொண்ட பற்றே அவரை அம்முடிவுக்கு இட்டுச் சென்றது. திருச்சபையின் அன்பர் பலர் வருந்தினர், சிலர் வெறுத்தனர். இருசாராரின் மனவருத்தத்தையும் அவர் சுமந்தார்.

அப்பருவத்திலே விதைக்கப்பட்டது பின்னர் விளைந்தது. 1915ஆம் ஆண்டிலே அன்ட்ரூசும் பியர்சனும் பிஜித் தீவுக்குச் சென்று ஒப்பந்தக் கூலிமுறையின் கேடுகளை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டனர். 1917ஆம் ஆண்டு அம்முறையில் ஆட்சேர்ப்பது நிறுத்தப்பட்டது. 1920ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி பிஜியில் எஞ்சிய ஒப்பந்தங்களும் இரத்தாயின. ‘தீனபந்து’ என்னும் பெயர் அவருக்கு நிலைத்தது. எளியோரின் நண்பர் என்பது அதன் பொருள். எளியோரின் தலைவர் என்றோ, மீட்பர் என்றோ, குரு என்றோ மக்கள் அவரை அழைக்கவில்லை என்பது கருதத்தக்கது. 1940ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் திகதி கல்கத்தாவில் அவர் மறைந்தபோது, இப்பெயரே அவருக்கு எஞ்சிய செல்வமாக இருந்தது.

டேர்பன் துறைமுகத்திற் குனிந்த அந்தக் கணத்தை மீண்டும் எண்ணிப் பார்க்கலாம். போதிக்க வந்தவர் முதலிற் செய்த செயல் ஒருவரின் காலைத் தொட்டதாகும். அதன் பின்னரே அவர் பேசினார். அதன் பின்னரே அவர் தூது சென்றார். தொண்டு செய்யப் புறப்படும் இளைஞர் பலர் பேச்சிலே தொடங்கி, காலம் வாய்ப்பின் குனிவதாக எண்ணுகின்றனர். அன்ட்ரூஸ் அடிகளின் ஏழு மாதங்கள் அவ்வரிசையை மாற்றிக் காட்டின.