உருண்டைப் பின்னில் ஒரு துளை



இந்த வாரம் உங்களை ஒரு பட்டறைக்குள் அழைத்துச் செல்ல விரும்புகிறேன். இறையியல் கல்லூரிக்குச் செல்லுமுன் கோயம்புத்தூரில் என் தகப்பனாரின் சிறிய லேத் பட்டறையில் நான் வேலை செய்தவன் என்பதை உங்களில் சிலர் அறிவீர்கள். அங்கே நான் செய்த ஒரு காரியத்தை இதுவரை பிரசங்க பீடத்தில் சொன்னதில்லை.

முதலில் வேலை இன்னதென்று விளங்கவேண்டும். உருண்டையான பேனா ஒன்றை மேசைமேல் கிடத்தி, அதன் முதுகில் ஊசிமுனையை வைத்து அழுத்திப் பாருங்கள். ஊசி வழுக்கும், இல்லையேல் பேனா உருளும். 10 மி.மீ. இரும்புப் பின்னின் குறுக்கே 3 மி.மீ. துளை போடுகிறவனுக்கும் இதே தொல்லைதான். மெல்லிய டிரில் பிட் வளைந்த பரப்பில் நிலைகொள்ளாமல் ஒரு பக்கம் சரியும். சரிந்தபடியே உள்ளே இறங்கும். மேலே நடுவில் தொடங்கியதாகத் தோன்றும் துளை, கீழே ஓரத்தில் வெளிவரும்.

கையால் பிடித்துத் துளைக்கலாமே என்று ஒருபோதும் எண்ணாதிருங்கள். பிட் மறுபுறம் வெளிவரும் கணத்தில் உலோகத்தைக் கவ்விக்கொள்ளும். ஜாப் அதனோடு சேர்ந்து சுழலும். சாதாரண வைஸும் போதாது. அதன் தட்டையான தாடைகள் உருண்டைப் பின்னை இரு பக்கமும் ஒவ்வொரு கோட்டில் மட்டுமே தொடுகின்றன. மேலிருந்து அழுத்தினால் பின் நழுவும். நழுவாதபடி இறுக்கினால் அதன் மேனியில் தழும்பு விழும்.

வி பிளாக் என்னும் எளிய பொருள் இதற்காகவே உண்டாக்கப்பட்டது. இரும்புக் கட்டையில் 90 டிகிரியில் வெட்டிய பள்ளம், அவ்வளவே. பின் அதில் கிடக்கையில் இரண்டு சரிவுகளும் கீழிருந்து தாங்கும். கிளாம்ப் மேலிருந்து அழுத்தும். மூன்று இடங்களில் பிடிபட்டது உருளாது. அதைவிட எனக்கு வியப்பானது வேறொன்று: பின் தடித்ததாயினும் மெலிந்ததாயினும் அதன் மையம் எப்பொழுதும் பள்ளத்தின் அடிக்கோட்டுக்கு நேர் மேலேயே நிற்கும். ஆகவே ஒருமுறை மெஷினின் மையத்தைப் பள்ளத்துக்கு நேராக்கிக் கட்டையை இறுக்கிவிட்டால், எத்தனை பின் மாற்றினாலும் துளை நடுவிலேயே விழும்.

இதை எனக்குக் கற்பித்தவர் எங்கள் பட்டறையின் மூத்த தொழிலாளி. பின்னின் முதுகில் ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்காக வைத்து, கூர்முனையொன்றை மெதுவாக இறக்குவார். ஸ்கேல் ஒரு பக்கம் சாய்ந்தால் மையம் தப்பியது; சமமாக நின்றால் சரி. பிறகு குட்டையான சென்டர் டிரில்லால் சிறு குழி போடுவார். குட்டையானது வளையாது. அதன் பின்பே மெல்லிய பிட்டை ஏற்றுவார். மறுபுறம் திறக்கும் நேரத்தில் கை அழுத்தத்தைத் தளர்த்துவார்.

எனக்கு அப்பொழுது வயது 17. காலரோடு இணைக்கவேண்டிய 200 பின்கள் வந்திருந்தன. பாதி முடிந்தபோது வி பிளாக் சற்று நகர்ந்துவிட்டது. மறுபடி மையம் பார்க்கக் கால் மணி நேரமாகும். அன்று மாலை ஆலயத்தில் பாடகர் குழுப் பயிற்சி இருந்தது. (ஆம், நான் அவசரப்பட்டது ஆண்டவரைப் பாடுவதற்காகத்தான்.) மீதியை வைஸில் மாட்டி, கண்ணளவில் சென்டர் பஞ்சால் குறி அடித்துத் துளைத்து, எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டிவிட்டுச் சென்றேன்.

அடுத்த வாரம் டப்பா திரும்பி வந்தது. பல பின்களின் துளை காலரின் துளையோடு சேரவில்லை. என் தகப்பனார் அந்த மூத்தவரைக் கூப்பிட்டு எல்லார் முன்பும் கடிந்துகொண்டார். அந்த மாதச் சம்பளத்தில் பிடித்தமும் செய்தார். நான் அருகில் நின்று பிசிறு தட்டிக்கொண்டிருந்தேன். அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

பாவ அறிக்கையைப் பற்றி எத்தனையோ முறை உங்களுக்குப் பிரசங்கித்தேன். ஒவ்வொரு முறையும் அந்த டப்பா நினைவுக்கு வரும். என் தகப்பனார் இன்று இல்லை. அவரிடம் சொல்லும் வாய்ப்பை நானே இழந்தேன்.

சென்ற மாதம் அந்த மூத்தவர் சுகவீனமாயிருக்கிறார் என்று கேள்விப்பட்டு, ஜெபிக்கும்படி அவர் வீட்டுக்குச் சென்றேன். வேதாகமத்தைத் திறக்குமுன் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

“அன்னைக்கே தெரியுமுங்க தம்பி. துளைக்குப் பக்கத்துல பஞ்ச் குறி பாதி நின்னுச்சு. நான் வி பிளாக்குல வெச்சு ஓட்டும்போது பஞ்சே அடிக்கறதில்லீங்களே.”

“அப்பாகிட்ட ஏன் சொல்லலீங்கண்ணா?”

“நீங்க சொல்லுவீங்கன்னு பார்த்தனுங்க.”

சற்று நேரம் என்னால் பேச இயலவில்லை. பிடித்தம் செய்த தொகை எவ்வளவு என்று கேட்டேன். நாற்பது ரூபாய் என்றார், யோசிக்காமலே. அன்று ஜெபத்தை அவரே ஏறெடுத்தார்.