தெல்தெனியவில் ஒரு பாக்கி



உங்கள் வீட்டுப் பீரோவில், யாருக்கோ திருப்பிக் கொடுக்க வேண்டிய பொருள் ஏதாவது பல வருடங்களாகக் கிடக்கிறதா? 'நாளைக்குக் கொடுத்துவிடலாம்' என்று எடுத்து வைத்து, அந்த நாளை வருடக்கணக்கில் தள்ளிப்போய், பிறகு அதைக் கண்ணால் பார்க்கவே கூச்சமாக இருக்கிறதா? அப்படியானால் இந்தப் பயணக் கதை உங்களுக்காகத்தான்.

என் பீரோவில் அப்படி ஒன்று முப்பத்து நான்கு வருடங்கள் கிடந்தது. உள்ளங்கை அளவுள்ள கறுப்புப் பிளாஸ்டிக் கேசட். பாட்டு கேசட் இல்லை, வீடியோ கேம் கேசட். அதைப் பெற்றுக்கொள்ள வேண்டியவள் இலங்கையில், கண்டிக்குக் கிழக்கே உள்ள தெல்தெனியவில் இருந்தாள். நானோ தஞ்சை மாவட்டத்து அதிராம்பட்டினத்தில். நடுவில் இருப்பது கொஞ்சக் கடல்தான். ஆனாலும் அதைத் தாண்ட எனக்கு 2024 வரை ஆயிற்று.

குவைத்தில் கிடைத்த தோழி

1986-இல் வாப்பா எங்களைக் குவைத்துக்கு அழைத்துக்கொண்டார். ஸால்மியாவில் ஒரு பகாலாவில் அவருக்கு வேலை. நாங்கள் இருந்த கட்டிடத்தில் மேல் மாடியில் ஓர் இலங்கைக் குடும்பம். அந்த வாப்பா ஓர் அரபி வீட்டில் டிரைவர். அவர் மகளுக்கும் எனக்கும் ஒரே வயது. பேச்சு மட்டும் வேறு. நான் "இருக்கு" என்றால் அவள் "ஈக்கி" என்பாள். ஒருவரையொருவர் கேலி செய்தே நாங்கள் தோழிகள் ஆனோம்.

அவள் வீட்டில் ஒரு அதிசயப் பொருள் இருந்தது. 'ஸக்ர்' என்ற கம்ப்யூட்டர். முதலாளி வீட்டுப் பிள்ளைகள் புதியது வாங்கியதும் பழையதை இவர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். ஸக்ர் என்றால் அரபியில் பாறை. முஹம்மது அல் ஷாரிக் என்பவர் 1982-இல் குவைத்தில் தொடங்கிய அல் ஆலமிய்யா நிறுவனம், ஜப்பானியக் கம்பெனிகள் செய்த கம்ப்யூட்டர்களில் அரபி எழுத்தை ஏற்றி இந்தப் பெயரில் விற்றது. அரபு நாட்டுப் பிள்ளைகள் பலர் முதன்முதலில் தொட்ட கம்ப்யூட்டர் அதுதான். மதரஸாவில் ஓதிப் பழகிய எழுத்துகள் எல்லாம் பொத்தான்களில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நாங்கள் சிரிப்போம்.

டி.வி.யோடு அதை இணைத்து, மேலே கேசட்டைச் செருகினால் விளையாட்டு வரும். எங்கள் உயிர், பென்குயின் விளையாட்டு. ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1980-களில் வெளியிட்டது. அண்டார்க்டிகாவின் பனிப்பாதையில் ஒரு பென்குயின் ஓடும். வழியில் பள்ளங்கள் வரும். அவற்றைத் தாண்ட வேண்டும். ஓட்டைக்குள்ளிருந்து கடல்நாய் தலை நீட்டும், விலக வேண்டும். மீன் துள்ளினால் பிடிக்க வேண்டும். குறித்த நேரத்துக்குள் அடுத்த நாட்டு நிலையத்தை அடைந்துவிட்டால் அங்கே கொடி ஏறும்.

அந்த விளையாட்டில் ஒரு விசேஷம் உண்டு. பள்ளத்தில் விழுந்தாலும் பென்குயின் சாவதில்லை. தட்டுத் தடுமாறி மேலே வந்து மறுபடி ஓடும். நேரம் மட்டும்தான் வீணாகும். இதை ஏன் சொல்கிறேன் என்று பின்னால் புரியும்.

"பொய்க்காரி!"

1990 ஆகஸ்ட் 1, புதன்கிழமை. மாலையில் விளையாடிக்கொண்டிருந்தோம். பென்குயின் தண்ணீர்க் குழியில் விழுந்தது. அவள் சும்மா சொன்னாள்: "எங்கட ஊரும் இப்படித்தான், தண்ணிக்குள்ள ஈக்கி."

"ஊர் எப்படித் தண்ணிக்குள்ளே இருக்கும்?" என்றேன்.

"கடைவீதி, எங்கட ஊடு எல்லாம் தண்ணிக்குள்ள. நான் கண்ணால பாத்த."

"பொய்க்காரி!" என்று கத்தினேன். அவள் அழுதாள். இனி விளையாட வராதே என்றாள். எனக்கு ஆத்திரம். அவள் முகம் கழுவப் போன நேரத்தில் கேசட்டைப் பிடுங்கிப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு கீழே ஓடி வந்துவிட்டேன். மறுநாள் வியாழன், லீவு நாள். கெஞ்ச வைத்துவிட்டுக் கொடுக்கலாம் என்று நினைத்தேன்.

அந்த மறுநாள் என்ன ஆயிற்று என்பது உங்களுக்குத் தெரியும். விடியும்போது ஈராக் படைகள் குவைத்துக்குள் நுழைந்திருந்தன. சில நாட்களில் மேல் மாடி பூட்டிக் கிடந்தது. யாரோ ஒருவர் வண்டியில் அவர்களும் போய்விட்டார்கள். நாங்கள் பஸ்ரா, பாக்தாத் என்று அலைந்து ஜோர்தானின் அம்மான் வந்து, அங்கிருந்து விமானத்தில் பம்பாய் சேர்ந்தோம். அந்த இரண்டு மாதங்களில் 488 விமானப் பயணங்களில் ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை நம் அரசு மீட்டது. அவர்களில் நான் ஒரு சிறுமி. மடியில் ஒரு துணிப்பை. பைக்குள் அந்தக் கேசட்.

1991-இல் தெல்தெனியவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. "எல்லாரும் சுகமா வந்து சேர்ந்தீங்களா?" என்று கேட்டிருந்தாள். கேசட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதனாலேயே என்னால் பதில் எழுத முடியவில்லை. வெட்கத்தில் தள்ளிப் போட்டேன். வீடு மாறியபோது கடிதம் தொலைந்தது. முகவரியும் போயிற்று.

2018 மார்ச்சில் டி.வி.யில் திடீரென்று அந்த ஊர்ப் பெயரைக் கேட்டேன். தெல்தெனியவில் ஒரு சாலைத் தகராறில் முஸ்லிம் வாலிபர்கள் சிலரால் தாக்கப்பட்ட சிங்கள லாரி டிரைவர் ஒருவர் இறந்ததையடுத்து, அங்கும் திகனவிலும் கண்டியைச் சுற்றியும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. மார்ச் 6-இல் நாடு முழுவதும் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. அன்றிரவு நான் தூங்கவில்லை. அவள் உயிரோடு இருக்கிறாளா? என் பாக்கியை இனி யாரிடம் கொடுப்பது?

அல்லாஹ்வின் நாட்டம், 2023-இல் உம்ராவுக்குப் போனபோது மதீனாவில் என் பக்கத்து ஸஃப்பில் உட்கார்ந்த பெண்மணி, தான் திகனவைச் சேர்ந்தவர் என்றார். தயங்கித் தயங்கி என் தோழியின் பெயரையும் அவள் வாப்பாவின் பெயரையும் சொன்னேன். "அவங்களா? எங்கட மாமி வழிச் சொந்தம்" என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை.

மலையேறிய பாதை

திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான். கட்டுநாயக்கவில் இறங்கி வேனில் கிளம்பினோம். கேகாலை, மாவனல்லை தாண்டியதும் சாலை மலையேறுகிறது. கடுகண்ணாவையில் ஆங்கிலேயர் காலத்தில் பாறையைக் குடைந்து போட்ட பழைய வழி இன்றும் பாதையோரம் இருக்கிறது. என் மகள் இறங்கிப் போட்டோ எடுத்தாள். பேராதனைப் பூங்காவைக் கடந்து கண்டியை அடைந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது.

கண்டியில் நம்மவர்களின் வரலாறு பழையது. 1626-இல் போர்த்துக்கீசர் கரையோர முஸ்லிம்களை விரட்டியபோது அவர்களுக்குத் தம் நாட்டில் இடம் கொடுத்தவர் கண்டி மன்னர் செனரத். பௌத்த மன்னர் ஒருவரின் அந்த உபகாரத்தை இன்றும் அங்குள்ள பெரியவர்கள் நன்றியோடு சொல்கிறார்கள்.

மறுநாள் காலை மஹியங்கனைச் சாலையில் போனோம். மகாவலி கங்கையைப் பாலத்தில் தாண்டி, குண்டசாலை, திகன வழியாக ஏறக்குறைய ஒரு மணி நேரம். இரு பக்கமும் பலாவும் மிளகுக் கொடியும். திகன கடைவீதியில் புதிய ஷட்டர் போட்ட கடைகளைப் பார்த்தபோது மனம் என்னவோ செய்தது.

வாசலிலேயே நின்றிருந்தாள். பதினொரு வயதுப் பிள்ளையைத் தேடி வந்த எனக்கு, மூக்குக் கண்ணாடியோடு பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்த பெண்மணி. ஸலாம் சொல்லும் முன்பே கட்டிக்கொண்டாள்.

"இவளவு நாள் எங்க ஈந்த?"

நான் கைப்பையைத் திறந்து கேசட்டை அவள் கையில் வைத்தேன். சொல்ல வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது உன்னிடமா ஈந்த? அன்டைக்கு ராவு வாப்பா எனக்கு அடிச்சார். இது எங்கட கேசட் இல்லை. அரபி ஊட்டுப் புள்ளைகள் திருப்பிக் கேட்டு ஈந்தாங்க. நான் தொலைச்சிட்டேன் என்டு வாப்பா மௌத்தாகும் வரைக்கும் நினைச்சுக்கொண்டு ஈந்தார்."

சகோதரிகளே, அந்த நேரம் பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நல்லது என்று நினைத்தேன். நான் வெறும் விளையாட்டுப் பொருள் என்று நினைத்தேன். அதற்காக ஒரு பிள்ளை அடி வாங்கியிருக்கிறது. ஒரு தகப்பன் தன் மகளைக் குறை சொல்லியபடியே கண் மூடியிருக்கிறார். 'நாளைக்குக் கொடுக்கலாம்' என்பதன் விலை அது.

அவளுடைய உம்மா உள்ளேயிருந்து வந்தார். எண்பதைத் தாண்டியவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு என் தலையைத் தடவினார். "அழ வேணாம் மகள். நாங்க ஹலாலாக்கிட்டம். வாங்க, முதல்ல சாப்பிடுங்க."

இடியப்பமும் கோழிக்கறியும், பிறகு கித்துள் கருப்பட்டியில் செய்த வட்டிலப்பமும். கண்ணீரோடு சாப்பிட்டேன்.

தண்ணீருக்குள் ஊர்

அஸருக்குப் பிறகு என்னை விக்டோரியா நீர்த்தேக்கக் கரைக்கு அழைத்துப் போனாள். மலைகளுக்கு நடுவே அமைதியான நீலத் தண்ணீர். மகாவலித் திட்டத்தில், பிரிட்டன் உதவியோடு கட்டப்பட்ட இந்த அணை 122 மீட்டர் உயரம், இலங்கையிலேயே உயரமானது. 1985 ஏப்ரலில் திறந்தார்கள். 210 மெகாவாட் மின்சாரம் தருகிறது. அதற்காக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடு, வயல், கடை எல்லாவற்றையும் விட்டு எழும்ப வேண்டி வந்தது. பழைய தெல்தெனிய நகரம் முழுவதும் தண்ணீருக்குள் போய்விட்டது. இப்போது இருப்பது மேட்டில் கட்டிய புதிய ஊர்.

"அதோ, அந்த முனைக்குக் கீழே கடைவீதி. வாப்பாட கடை அங்கதான். கதவு நிலையைக் கழற்றி வண்டில ஏத்தினது எனக்கு ஞாபகம். அஞ்சு வயசு. கடை போனதாலதான் வாப்பா குவைத் போனார்" என்றாள். மழை இல்லாத வருடங்களில் தண்ணீர் இறங்கும்போது பழைய வீதியும் கட்டிட அஸ்திவாரங்களும் வெளியே தெரியுமாம். அப்போது ஊர்க்காரர்கள் இறங்கிப் போய்த் தங்கள் வீடு நின்ற இடத்தைத் தேடிப் பார்ப்பார்களாம்.

"உன்னைப் பொய்க்காரி என்று சொன்னேனே" என்றேன்.

சிரித்தாள். "அதுதான் எனக்கு வலிச்ச. கேசட் இல்லை."

2018-ஐப் பற்றி நானாகக் கேட்கவில்லை. அவளே சொன்னாள். கணவரின் கடை எரிந்ததாம். அன்றிரவு பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண்மணி இவர்கள் எல்லோரையும் தன் வீட்டுக்குள் வைத்து, வாசலில் தானே காவல் உட்கார்ந்தாராம். "செத்துப் போன அந்த டிரைவரும் ஒரு தாய்ட புள்ளதானே. அவருக்காகவும் அழுதன்" என்றாள். ஊரைத் தண்ணீருக்கும் கடையை நெருப்புக்கும் கொடுத்தவளின் வாயிலிருந்து ஒரு கசப்பு வார்த்தை வரவில்லை.

மறுபடியும் பென்குயின்

இரவில் அவள் மகன் எங்கள் இருவரையும் கூப்பிட்டான். அந்தப் பழைய விளையாட்டைத் தன் கம்ப்யூட்டரில் எப்படியோ ஓட வைத்திருந்தான். அதே பனிப்பாதை, அதே இசை. விரல்கள் எதையும் மறக்கவில்லை. முதல் பள்ளத்தில் அவள் விழுந்தாள், இரண்டாவதில் நான். பென்குயின் ஒவ்வொரு முறையும் எழுந்து ஓடியது. பிள்ளைகள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.

எங்கள் நட்பும் அந்தப் பென்குயினைப் போல பள்ளத்தில் விழுந்து எழுந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் போன நேரம் திரும்பாது. அவள் வாப்பாவிடம் "உங்கள் மகள் தொலைக்கவில்லை, நான்தான் எடுத்தேன்" என்று சொல்ல இனி வழி இல்லை. ஊருக்கு மேட்டில் இருக்கும் மையவாடிக்குப் போய், வெளியே நின்று துஆச் செய்துவிட்டு வந்தேன். கேசட்டின் சொந்தக்காரர்களான அந்தக் குவைத்துப் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. அவர்கள் பெயரால் இருவரும் சேர்ந்து ஸதகா கொடுத்தோம். கேசட் இப்போது தெல்தெனியவில், அவள் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

சகோதரிகளே! மன்னிப்புக் கேட்க வேண்டியவர் உங்களுக்கும் யாராவது இருப்பார். கண்டியில் இருக்கலாம், காயல்பட்டினத்தில் இருக்கலாம், அடுத்த தெருவிலேயே இருக்கலாம். வெட்கத்தைப் பார்க்காதீர்கள். இந்தப் பக்கத்தை மூடியதும் ஒரு போன் போடுங்கள். அவருடைய வாப்பாவும் உம்மாவும் இருக்கும்போதே போடுங்கள். எனக்காகவும் என் தோழிக்காகவும் துஆச் செய்யுங்கள்.